மூன்றாண்டு வெற்றாய்க் கிடந்த நாற்காலி: கோலா சிலாங்கூரில் நான்கு நாள்

செம்பனைத் தோட்டத்து நிழலில் குடியிருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோரே! பல்கலைக்கழக வாசலுக்குள் கால் வைத்துவிட்ட இளையோரே! கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணம் வரை பரந்து வாழும் என் மக்களே! ஒரு முறையீட்டோடு உங்கள் முன் நிற்கிறேன். உலகத்து மாணவர்கள் கடல் தாண்டி வந்து நம் தோட்டங்களைப் பற்றிப் பாடம் படிக்கிறார்கள். அந்த வகுப்பில் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அது வெற்றாகக் கிடந்தது. யார் குற்றம் இது? குற்றவாளியைத் தேடித்தான் இந்தப் பயணத்தில் நான் அலைந்தேன். கண்டும் பிடித்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதே வழியில் பயணம் போக எண்ணுவோருக்கு வழிச்செலவும் நேரமும் சேர்த்தே சொல்கிறேன்.

கடந்த ஆடி மாதத்தின் முதல் வாரம். பொருளியலும் அரசியலும் கற்பிக்கும் பன்னாட்டுக் கோடைக்காலப் படிப்பு ஒன்றை கோலா சிலாங்கூரில் இரண்டு வாரம் நடத்துகிறார்கள். பதினொரு நாடுகளிலிருந்து இருபத்து நான்கு மாணவர்கள் வந்திருந்தார்கள். தோட்டத்து அரசியலைப் பற்றி ஒரு மாலை பேச வேண்டும், களப்பயணத்தில் உடன் வர வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். முப்பது ஆண்டாக மேடையேறிப் பேசும் ஒருத்தியை "பேச வாருங்கள்" என்று கூப்பிட்டால் அவள் பெட்டியைக் கட்டாமல் என்ன செய்வாள்?

செவ்வாய்க்கிழமை காலை 8.20க்குக் கிள்ளானில் பேருந்து ஏறினேன். கட்டணம் ஆறு வெள்ளி (ரிங்கிட்). நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் நெடுந்தொலைவு ஊர்ந்ததால் 9.50க்குத்தான் இறங்கினேன். சந்தைக்கு அருகில் ஓர் எளிய விடுதி, இரவுக்கு எண்பத்தைந்து வெள்ளி. ஆற்றங்கரைப் பக்கம் அறை கேட்காதீர்கள். காட்சி நன்றாக இருக்கும். கொசு அதைவிட நன்றாக இருக்கும்.

மாலை நான்கு மணிக்கு வகுப்பு மண்டபத்துக்குப் போனேன். மேசைகளை வளைவாகப் போட்டு, ஒவ்வொரு மாணவர் முன்னும் பெயரும் நாடும் எழுதிய அட்டை வைத்திருந்தார்கள். கானா, சிலி, போலந்து, வியட்நாம் என்று கண் ஓடிக்கொண்டே வந்து, கடைசி அட்டையில் நின்றது. அதில் பெயர் இல்லை. "கோலா சிலாங்கூர் – சபாக் பெர்ணம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் பின்னால் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை.

நிகழ்ச்சியின் பொறுப்பாளர் புவான் (திருமதி) நோராய்னி என்னும் மலாய்க்காரப் பேராசிரியர். நேருக்கு நேர் பேசுகிறவர். அந்த நாற்காலியைப் பற்றி மலாயில் கேட்டேன்.

"இந்த இரு மாவட்டங்களில் வசிக்கும் ஒரு மாணவருக்கு எல்லாச் செலவும் நாங்களே ஏற்கிறோம். இங்கே படித்து முடிப்பவர்கள் மட்டும்தான் வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கும் தேர்வுக்குப் போக முடியும். மூன்றாம் ஆண்டாக ஒரு மனுகூட வரவில்லை. 'உள்ளூரில் ஆர்வம் இல்லை' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். வியாழன் மாலை ஐந்து மணி வரை யாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் நிரம்பாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் இந்த இடத்தையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்."

ஆர்வம் இல்லையாம்! ஒருமணி நேர உரையில் அரைமணி நேரத்தை அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்தேன். "எங்கள் பிள்ளைகளுக்கு எவரும் செய்தி சொல்லவில்லை! தோட்டத்துக்குள் வந்து கதவைத் தட்டாதவர்கள், கதவு திறக்கவில்லை என்று எழுதுகிறார்கள்!" என்று முழங்கினேன். என் தமிழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் யோகேஸ்வரி என்ற இளம்பெண்; யோகா என்று கூப்பிட்டார்கள். பொருளியல் இறுதியாண்டு மாணவி. வேறு மாவட்டத்து ரவாங்கைச் சேர்ந்தவள் என்று சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தார்கள். நான் கொதிக்கக் கொதிக்க, அவள் தரையைப் பார்த்தபடி ஆறின குரலில் மொழிபெயர்த்தாள். குரலில் சூடு போதவில்லையே என்று எனக்குக் குறைகூட இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலை 7.30க்கு இரண்டு வேன்களில் வடக்கே புறப்பட்டோம். சுங்கை பெசார் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நிற்காமல் போனால் ஒருமணி நேரம். சுங்கை பெசாருக்குச் சற்று உள்ளே தள்ளி சுங்கை பஞ்சாங்; அங்கே இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் இளம்பச்சை வயல். நெல்லுக்கு அரசு ஏன் விலை வைக்கிறது, உர மானியம் யார் கைக்குப் போகிறது, தேர்தல் ஆண்டில் வாய்க்கால்கள் எப்படித் திடீரென்று சீராகின்றன என்பதையெல்லாம் உழவர் ஒருவர் வரப்பில் நின்றே விளக்கினார். நூலில் பத்துப் பக்கம் எடுக்கும் பாடம் அது. தொப்பி கொண்டு போங்கள். அங்கே நிழல் என்ற ஒன்று கிடையாது.

நான் முந்தைய நாளின் சினத்தை வேனிலும் விடவில்லை. நோராய்னி கேட்கும்படியே பேசிக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் கணேசன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க லா. சுங்கை பெசார் வர இன்னும் நேரம் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யோகா சிரிக்கவில்லை.

சுங்கை பெசாரில் மதிய உணவு. மீன் குழம்போடு சோறு பதினொரு வெள்ளி. யோகா தன் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லம்மா."

"யாரும் செய்தி சொல்லலைன்னு நேத்து பேசினீங்க. எனக்குச் செய்தி தெரியும். நான் மனு போட்டேன்."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"நான் ரவாங் இல்லக்கா. நாளைக்கு நாம போற தோட்டம் இருக்குல்ல, அதான் என் வீடு. லயத்துல, தொழிலாளிங்க வரிசை வீட்டுல, நாலாவது வீடு. ஆனா என் ஐசியில, அடையாள அட்டையில, மாமா வீட்டு அட்ரஸ், ரவாங். மனுவுல ஐசி நம்பரைப் போட்டதும் ரவாங்குன்னு காட்டி பொதுப் பட்டியல்ல தள்ளிடுச்சு. அங்க காத்திருப்பு வரிசையில அறுபதாவது ஆளு. அப்புறம் மொழிபெயர்க்க ஆள் வேணும்னாங்க, வந்துட்டேன். இதுதான் எனக்குக் கடைசி வருசம்."

"இதை நோராய்னியிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, ஏன் ரவாங்குன்னு போட்டேன்னு கேப்பாங்க. அதுக்கு எங்க அம்மாதான் பதில் சொல்லணும். நாளைக்கு நீங்களே கேளுங்க. கேட்டா ஒங்களுக்குப் பிடிக்காது, அவ்ளோதான்."

அதன் பிறகு திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. கணேசனுக்கே ஐயம் வந்துவிட்டது. "அக்காவுக்கு மீன் ஒத்துக்கலையோ?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை. தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன், அங்குள்ளோர் கேட்டுக்கொண்டார்கள். கோலா சிலாங்கூரிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர், கடைசி ஆறு கிலோமீட்டர் மண்பாதை. முன்பு நாளுக்கு இருமுறை வந்த பேருந்து இப்போது இல்லை. வாடகைக் கார் போக நாற்பது வெள்ளி கேட்கிறார்கள். திரும்ப ஆள் கிடைக்காது, காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொண்டு போங்கள்.

9.30க்கு இறங்கினோம். ஆடி மாதம் ஆதலால் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு குவளை வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். பானையைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தினாள்.

"அடியே, மேடை அக்கா வந்திருக்காங்க லா! மைக்கு இல்லாம பேசுவாங்களா கேளு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது கானா நாட்டு மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டோடு வந்தாள். அவர்களுக்கு அரசு ஏடுகளைப் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதில் இந்தத் தோட்டத்தில் வசிப்பவை ஒன்பது குடும்பங்கள் என்று இருந்தது.

"கொடியில் துணி காயும் வீடுகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. மற்ற முப்பத்திரண்டு வீடுகளில் இருப்பவர்கள் யார்?"

யோகா மொழிபெயர்த்தாள். பானையருகே இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்டி பிடித்திருந்தவள் சொன்னாள்: "நாங்கதான். ஆனா ஐசியில நான் ரவாங். இவ காப்பார். அவ பத்து ஆராங். அந்தக் கடைசில நிக்கிறவளுக்கு ஓட்டுகூட ஈப்போவுல."

கரண்டி பிடித்திருந்தவள்தான் யோகாவின் தாய் பாக்கியம். கீழே உதிரும் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. நகமெல்லாம் செம்மை ஏறியிருந்தது. கூழ் ஊற்றி முடிந்ததும் கோயில் சுவரோரம் அவளோடு உட்கார்ந்து, ஏன் எல்லாரும் இப்படி முகவரி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்கள எனக்குத் தெரியும்க்கா. ஒங்களுக்குத்தான் என்னைத் தெரியலை. பதினாலு வருசத்துக்கு முன்ன டவுன் மண்டபத்துல பேசினீங்களே, மாலினி கதை?"

நினைவு வந்தது. மாலினி என்ற பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்காணல் கடிதம் வந்திருந்தது. தோட்டத்து அஞ்சலெல்லாம் அன்று அலுவலகத்துக்குத்தான் வரும். அலுவலக எழுத்தரான கிராணியின் மேசையில் பதினொரு நாள் கிடந்து, நேர்காணல் முடிந்த மறுநாள் அவள் கைக்கு வந்தது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு நான் மேடையில் இடியாய் இடித்தேன்.

"மாலினி என் மூத்த மவ," என்றாள் பாக்கியம். "முன் வரிசையில அவளப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். 'இனி ஒரு கடிதமும் அந்த மேசைக்குப் போகக் கூடாது, பட்டணத்துல இருக்க ஒறவுக்காரங்க முகவரியைக் குடுங்க'ன்னு சொன்னீங்க. நான் கை தட்டுன தட்டுல வளையல் ஒடஞ்சிச்சு. மறுநாளே தம்பி வீட்டு அட்ரஸ குடுத்துட்டேன். லயமே குடுத்துச்சு. பொறந்த புள்ளைக்கும் அப்படியே பதிஞ்சோம். நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம்?"

தேடிவந்த குற்றவாளி நானாகவே இருந்தேன். ஓர் ஆண்டின் துன்பத்துக்கு நான் சொன்ன மருந்து, பதினான்கு ஆண்டு உணவாகிவிட்டது. சொல்லிவிட்டுப் போனவள், திரும்பி வந்து பார்க்கவேயில்லை. வாழும் ஊரில் மக்கள் ஏட்டில் இல்லாமல் போனார்கள். பயணிக்கும் ஆளே பட்டியலில் இல்லாத ஊருக்குப் பேருந்து எதற்கு என்று நிறுத்தினார்கள். வாக்கு இல்லாத ஊருக்கு வேட்பாளர் ஏன் வரப்போகிறார்? கைதட்டலோடு நான் இறங்கிப் போன மேடையின் விலை இது.

செய்ய வேண்டியது என்ன என்று யோகா கேட்டறிந்து வைத்திருந்தாள். அங்கே வசிப்பதற்குத் தோட்ட அலுவலகம் உறுதிக் கடிதம் தர வேண்டும். வீடு பாக்கியத்தின் பெயரில் இருப்பதால் அவளே நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

பாக்கியம் தலையை ஆட்டினாள். "அந்த ஆபிசு வாசல நான் மிதிக்க மாட்டேன். சம்பளம்கூட பேங்குலதான் வருது."

"அம்மா, அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்மா," என்றாள் யோகா.

"ஒங்கக்கா அன்னிக்கு அழுதத நீ பாக்கலியா? அப்ப எட்டு வயசு ஒனக்கு. பாத்திருப்ப. மறந்துட்ட."

"மறக்கலை. அவளுக்குப் போனது ஒரு கடுதாசி. எனக்கும் இப்ப ஒரு கடுதாசிதான் வேணும்."

இரண்டு மணிக்கு மாணவர்களோடு வேன்கள் கிளம்பின. நானும் யோகாவும் தங்கிவிட்டோம். கணேசன் நான்கு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார். பாக்கியம் பானை கழுவினாள். கோயில் பெருக்கினாள். மணி மூன்றைத் தாண்டியது. எத்தனையோ கூட்டத்தை எழுப்பி நிறுத்திய என்னிடம் ஒரு பெண்ணை நூறு அடி நடக்க வைக்கும் சொல் இல்லை. கடைசியில், "பாக்கியம், நான் அன்று சொன்னதை மாற்றிச் சொல்ல எப்போதோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. தவறு என்னுடையது," என்றேன்.

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் வச்சி நான் என்ன பண்ண? கூட வாங்க. ஆனா அங்க வந்து நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசுவேன்."

ஒப்புக்கொண்டேன்.

அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளே கிராணி வேலை பார்ப்பவள் சரளா, இதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மாலினியோடு படித்தவளாம். "என்ன பெரிம்மா, வெளிய நிக்கிறீங்க? வாங்க லா" என்றாள். பாக்கியம் அசையாமல் உள்ளே மூலைமூலையாகப் பார்த்தாள்.

"இங்க ஒரு மரமேசை இருந்துச்சே? பெரிசா, இழுப்பறை வச்சி?"

"அதுவா? கரையான் அரிச்சு எப்பவோ எரிச்சாச்சு. நான் வேலைக்கு வரும்போதே இல்லை."

பாக்கியம் உள்ளே போய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "எம்மவ இங்கதான் குடியிருக்கான்னு ஒரு கடுதாசி குடு. இன்னிக்கே வேணும். இப்பவே வேணும்."

"எத்தனை வருசமா இதக் கேட்டு ஒரு ஆள் வரலை தெரியுமா? அரசாங்கக் கோப்பைப் பாத்தா நீங்க யாருமே இங்க இல்லை," என்று சொல்லிக்கொண்டே சரளா தட்டச்சினாள். ஆறு வரி. முத்திரை. பாக்கியத்தின் கையெழுத்து. ஏழு நிமிடம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை.

4.12க்கு வேன் புறப்பட்டது. மண்பாதையில் ஒரு லோரி குறுக்கே நின்றது. கணேசன் இறங்கிப் போய்ச் சத்தம் போட்ட சத்தத்தில் அது ஒதுங்கியது. 4.51க்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். நோராய்னி கடிதத்தை இருமுறை படித்தார். யோகாவை ஏறிட்டார்.

"நீ ரவாங்குப் பெண் அல்லவா?"

யோகா எல்லாவற்றையும் தானே மலாயில் சொன்னாள். அக்காவின் கடிதம், மேடை, முப்பத்திரண்டு வீடு. என்னையும் விட்டுவைக்கவில்லை. கேட்டு முடித்து நோராய்னி தன் மடிக்கணினியைத் திறந்தார். "கடிதம் போதும். நிகழ்ச்சி முடிவதற்குள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக் காட்டு. 'ஆர்வம் இல்லை' என்று மூன்று ஆண்டு எழுதியிருக்கிறேனே, இப்போது அதை என்னவென்று திருத்த?"

"'தோட்டத்துக்குப் போய் நாங்கள் கேட்கவில்லை' என்று எழுதுங்கள், புவான்," என்றாள் யோகா.

நோராய்னி அப்படியே எழுதினார். என் கண் முன்னால் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை, பெயர் இல்லாத அந்த அட்டையில் யோகேஸ்வரி என்று பெயர் எழுதப்பட்டு, பின்னால் ஆளும் இருந்தது. ஆனால் மொழிபெயர்க்க ஆள் இல்லை. என்னைப் பார்த்தார்கள். கிள்ளானுக்குப் பெட்டி கட்டியிருந்தவள் மாலை வரை தங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிறர் பேசியதை மட்டும் பேசினேன். அன்று சரளாவும் பாக்கியமும் வகுப்புக்கு வந்து மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். பாக்கியம் சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த கடினமான பேச்சு அதுதான். போகும்போது பாக்கியம், "இப்பதான் அக்கா பேச்சு வெளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். ஆடி மாதத்து வெயில் கடுமை. களப்பயணத்துக்கு விடியலிலேயே புறப்படுங்கள். தோட்டத்துக்குள் போகுமுன் அலுவலகத்தில் ஒப்புதல் கேளுங்கள். வீடுகளைப் படமெடுக்குமுன் வீட்டாரைக் கேளுங்கள். சுங்கை பஞ்சாங்கில் சிறுகடைகள்தாம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளுக்குப் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு நானூறு வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று. இந்தப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் ஆங்கிலம் சரளமாக வராது என்று பின்வாங்காதீர்கள். சிலி நாட்டுப் பையனுக்கு வந்ததைவிட உங்களுக்கு நன்றாகவே வரும்.

கடைசியாக, பழைய மேடையில் நின்று நான் சொன்னதை இதோ திரும்பப் பெறுகிறேன். மக்களே, இந்தப் பதிவை மூடிவைப்பதற்கு முன் உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். அதில் எழுதியிருக்கும் வீட்டில்தான் இன்றிரவு படுத்துறங்கப் போகிறீர்களா? இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் தோட்ட அலுவலகத்துக்கு நடங்கள். அந்த மேசை எரிந்துவிட்டது. உள்ளே போய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். கடிதம் கேளுங்கள். ஏழு நிமிடம்தான், எழுந்திருங்கள்!